ஏழு நாள் இன்பம் குற்றமா?

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் முன்னோர் மொழி. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி என்று விரிந்து கிடக்கும் மானாவாரி நிலத்தில் வாழும் மக்கள் இம்மொழியின் பொருளைப் பட்டு உணர்ந்தவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரவேண்டிய மழை வாராது போனால் பருத்தியும் மிளகாயும் மல்லியும் கருகும். கண்மாய் சிறுவர்களின் விளையாட்டுத் திடலாகும். ஆண்மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கோ திருப்பூருக்கோ புறப்படுவார்கள். பட்டணம் என்பது இங்கே கெட்டபின் சேரும் இடம். அங்கே சுமை தூக்கலாம், உணவகத்தில் மேசை துடைக்கலாம், கட்டட வேலைக்குப் போகலாம். ஆனால் கெடாமல் இருக்கும்போது, கையில் நாலு காசு சேர்ந்திருக்கும்போது, மனைவி மக்களோடு பட்டணம் சென்று ஏழு நாள் தங்கி, கண்டு களித்து, விரும்பியதை உண்டு திரும்புவதற்கு நம்மிடம் பழமொழி இல்லை. பழமொழி இல்லாத செயலைச் செய்யத் துணிவோரை ஊர் சும்மா விடுவதில்லை. பங்குத்தந்தையாகிய நானும் சும்மா விடவில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு குடும்பம் என் அறை வாசலில் வந்து நின்றது. கணவர் கரிமூட்டம் போடும் தொழிலாளி. சீமைக் கருவேல மரத்தை வெட்டி, துண்டுபோட்டு அடுக்கி, தழையாலும் மண்ணாலும் மூடி, காற்றுப் புகாதபடி நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கும் வேலை அவருடையது. நள்ளிரவிலும் எழுந்து மூட்டத்தைச் சுற்றி வரவேண்டும். எங்கேனும் மண் விலகித் தீப்பற்றிக்கொண்டால் உழைத்ததெல்லாம் சாம்பல். மனைவி அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். மகன் பதினொன்றாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. எழுபது வயதைக் கடந்த தாயும் உடன் வந்திருந்தார்.

"சாமி, கோடை லீவுல ஒரு வாரம் மெட்ராசுக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கோம். சீட்டுப் பணம் 18,000 ரூபாய் கைக்கு வந்திருக்கு. கடன் ஒண்ணும் வாங்கலை. பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டணும். அம்மாவுக்குத் தோமையார் கோயிலைப் பாக்கணுமாம். போகலாமா சாமி?" என்று கேட்டார் அந்த மனிதர்.

அந்தத் தாயின் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. இளமையில் ஒரு பஞ்ச காலத்தில் அவர் கணவர் சென்னைக்குச் சென்று கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர். அந்தச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்படுவதற்கு நெடுங்காலம் முந்தைய கதை அது. வாரமெல்லாம் சுமந்த மனிதர் ஞாயிறுதோறும் சாந்தோமுக்கு நடந்து சென்று, திருத்தூதர் தோமையாரின் கல்லறையருகே மண்டியிட்டு வருவாராம். ஊர் திரும்பிய பின் அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கழித்து, காலமும் ஆகிவிட்டார். "அவர் மண்டிபோட்ட இடத்துல நானும் ஒருதரம் மண்டிபோட்டுட்டு வந்துரணும் சாமி" என்றார் அந்தத் தாய்.

நான் என்ன சொன்னேன்? "ஏப்பா, வீட்டு ஓடு ஒழுகுதுன்னு போன மழைக்குத்தானே சொன்னே? மூத்தவன் அடுத்த வருசம் காலேஜுக்குப் போகணும். ஏழு நாள் கூலியும் போகும், கைக்காசும் போகும். ஊர் பாக்குறது எங்கே ஓடிப்போகுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன். அவர்கள் மறுத்துப் பேசவில்லை. இப்பக்கத்து எளிய மக்கள் குருவின் சொல்லுக்குத் தரும் மதிப்பு அப்படிப்பட்டது. அதனாலேயே குரு சொல்லும் சொல்லுக்குக் கணக்கும் அதிகம்.

ஓடு மாற்றப்பட்டது. அந்த ஆண்டு மார்கழியில், தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்த அந்தத் தாய்க்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையே உள்ள பத்தடியைத் தாண்டியதில்லை. மறு கோடையில், அவரே வற்புறுத்தி மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் அருப்புக்கோட்டையில் ரயிலேற்றி அனுப்பினார். ஒழுகாத கூரையின்கீழ் அவர் மட்டும் இருந்தார்.

அன்றிலிருந்து என் அறிவுரையை நான் பலமுறை விசாரித்திருக்கிறேன். நான் சொன்னவற்றில் எதுவும் பொய்யில்லை. முன்மதி ஒரு தலையாய நற்பண்பு என்றுதான் குருமடத்தில் கற்றோம். ஆயினும் மனச்சான்று உறுத்துகிறதே, ஏன்?

என் சொல்லுக்குப் பின்னே உயர்ந்த சாட்சிகள் நின்றது உண்மை. புனித அகுஸ்தினார் தம் 'வாக்குமூலங்கள்' நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் ஆசையைப் பற்றி எழுதுகிறார். வேடிக்கை பார்க்கும் வேட்கை, அறிவு தேடுவதைப்போல் வேடமிட்டு மனிதனை உள்ளிருந்து வெளியே இழுத்துவிடுகிறது என்பது அவர் கவலை. வயலில் நாய் முயலைத் துரத்தும் காட்சிகூடத் தம் மனத்தை இறைவனிடமிருந்து திருப்பிவிடுவதாக அவர் வருந்துகிறார். நம் மண்ணிலிருந்தும் ஒரு சான்று உண்டு. இதே திருச்சுழியில் 1879-இல் பிறந்த இரமண மகரிஷி, 1896-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருவண்ணாமலை சேர்ந்தார். 1950-இல் மறையும்வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அவ்வூரைவிட்டு வேறெங்கும் செல்லவில்லை. காண வேண்டியது உள்ளே இருக்கும்போது ஊர் ஊராய் அலைவானேன் என்று அவ்வாழ்வு நம்மைக் கேட்பது போலிருக்கிறது.

இவ்விரு சாட்சிகளையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். அகுஸ்தினார் கார்த்தேஜையும் உரோமையையும் மிலானையும் கண்ணாரக் கண்ட பின்பே கண்ணை அடக்குவதைப் பற்றி எழுதினார். மகரிஷி ஓரிடத்தில் அமர்ந்தது அவரே தேர்ந்துகொண்ட அமர்வு. என் பங்கின் கரிமூட்டத் தொழிலாளி ஓரிடத்தில் கிடப்பது அவர் தேர்ந்துகொண்டதன்று. இல்லாமை கட்டிப்போட்ட கட்டு. தானே மேற்கொள்ளும் துறவு புண்ணியம். பிறர் தலையில் நாம் ஏற்றும் துறவுக்கு என்ன பெயர்? அதைப் புண்ணியம் என்று அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை.

திருநூலைத் திறந்தால் அது என்னை மேலும் நாணச் செய்கிறது. இணைச்சட்ட நூலின் பதினான்காம் அதிகாரத்தில் ஒரு வியப்பான கட்டளை உண்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை இஸ்ரயேலர் ஆண்டவர் தேர்ந்துகொண்ட இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழி தொலைவானால் விளைபொருளை விற்றுக் காசாக்கிக் கையில் முடிந்துகொண்டு போக வேண்டும். போய் என்ன செய்ய வேண்டும்? உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்புவதா? இல்லை. மாடோ ஆடோ இரசமோ, நெஞ்சம் விரும்பும் எதையும் அந்தக் காசுக்கு வாங்கி, ஆண்டவர் திருமுன் வீட்டாரோடு உண்டு மகிழ வேண்டும்! சேமித்த காசில், குடும்பத்தோடு தொலைதூர நகரம் சென்று, விரும்பியதை வாங்கி உண்பது அங்கே வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கட்டளையிடப்பட்டிருக்கிறது. அடுத்த அதிகாரங்களைப் புரட்டினால் கூடாரத் திருவிழாவும் ஏழு நாள். அதில் பிள்ளைகளும் வேலையாட்களும் அந்நியரும் அனாதைகளும் கைம்பெண்களும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது சட்டம்.

நாசரேத்துத் திருக்குடும்பத்தையும் எண்ணிப் பாருங்கள். குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக்கியபோது, ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்குச் சட்டம் அனுமதித்த புறாக் காணிக்கையைச் செலுத்திய வீடு அது. அந்த வீடுதான் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்றது என்கிறார் லூக்கா. தச்சுப்பட்டறை அத்தனை நாளும் மூடியே கிடந்திருக்கும். கூலி போயிற்றே, அந்தக் காசில் வீட்டுக் கூரையைச் செப்பனிட்டிருக்கலாமே என்று யோசேப்பிடம் சொல்ல நாசரேத்தில் யாரும் இருந்தார்களோ என்னவோ. இருந்திருந்தால் அவர் கேட்கவில்லை.

"அது திருப்பயணம், இது ஊர் சுற்றல்; இரண்டும் ஒன்றா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் இறைவனின் சட்டம் செபத்தையும் விருந்தையும் அப்படி வேலிபோட்டுப் பிரிக்கவில்லை. பிரித்தவர்கள் நாம். அதையும் நேர்மையாகப் பிரித்தோமா? நம் ஊர்களில் பூப்பு நீராட்டுக்குப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, பதாகை கட்டி, வட்டிக்கு வாங்கிச் செலவிடுவோரை யாரும் குறை சொல்வதில்லை. மொய் திரும்பி வரும் என்று சமாதானம் சொல்கிறோம். பங்குத் திருவிழாவில் வாணவெடிக்கும் மேளத்துக்கும் தலைக்கட்டு வரி போடும்போது, ஓடு ஒழுகும் வீட்டிலும் அதை வாங்கி எழுதிக்கொண்டவன் நான்தான். அப்போது என் முன்மதி எங்கே போயிற்று? ஊரார் கண்ணுக்காகச் செய்யும் செலவு கடமை. தன் கண்ணுக்காகச் செய்யும் செலவு ஆடம்பரம். இப்படி ஒரு கணக்கு நமக்குள் எழுதப்படாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பம் செய்த தவறெல்லாம், பிறர் மெச்சாத ஓர் இன்பத்தை விரும்பியதுதான்.

புனித தாமஸ் அக்குவினாசிடம் போனால் இன்னும் கடுமையான பாடம் கிடைக்கிறது. தம் இறையியல் தொகுப்பில், விளையாட்டும் மகிழ்ச்சியும் நற்பண்புக்கு இடம் தருமா என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொள்கிறார். உழைத்த உடல் களைப்பதுபோல் ஆன்மாவும் களைக்கிறது. உடலுக்கு ஓய்வு உறக்கம், ஆன்மாவுக்கு ஓய்வு இன்பம் என்பது அவர் விடை. எந்நேரமும் நாண் ஏற்றியே வைத்த வில் முறிந்துபோகும் என்று திருத்தூதர் யோவான் பெயரால் வழங்கும் பழங்கதையையும் எடுத்துக் காட்டுகிறார். அத்தோடு நில்லாமல், தாமும் மகிழாமல் பிறர் மகிழ்வதையும் தடுப்பவர் அறிவு நெறிக்கு மாறாகப் பாவம் செய்கிறார் என்றும் எழுதுகிறார். குருமடத்தில் தேர்வுக்காக நான் படித்த பகுதி இது. தேர்வில் எழுதினேன், பங்கில் மறந்தேன்.

இது நீதியைப் பற்றிய கேள்வியும்கூட. அரசு ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஊதியத்தோடு விடுப்பு உண்டு. 1936-இல் பிரான்சு நாட்டில் ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமானபோது, அதுவரை கடலையே கண்டிராத தொழிலாளர் குடும்பங்கள் பல கடற்கரைக்குப் புறப்பட்டன. 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைகள் சாற்றுரை, தன் 24-ஆம் பிரிவில் ஓய்வையும் ஊதிய விடுப்பையும் மனிதரின் உரிமையாக அறிவித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில், ஓய்வுநேரம் மனத்தை வளர்க்க வேண்டும் என்று சொல்லும்போது, பயணத்தையும் அதற்குரிய வழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் கரிமூட்டக்காரருக்கும் விசைத்தறிப் பெண்ணுக்கும் விடுப்பு என்றால் கூலி இழப்பு. அவர்கள் ஒரு வாரம் ஓய்வெடுக்க இரண்டு மடங்கு விலை தர வேண்டியிருக்கிறது. விலை அதிகம் என்பதைக் காட்டி அவர்களைத் தடுத்தேனே ஒழிய, ஏன் அதிகம் என்று நான் கேட்கவில்லை.

மறு ஆண்டு சென்று திரும்பியவர்கள் என்ன கண்டார்கள்? உறவினர் வீட்டின் ஒற்றை அறையில் தங்கி, பேருந்திலும் மெட்ரோ ரயிலிலும் சுற்றியிருக்கிறார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் மகள் ஒரு நாள் முழுதும் நடந்தாள். 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் முன்னே மகன் நின்று, "செஞ்சவங்க பேரு ஒண்ணுலயும் போடலையேப்பா" என்றானாம். தெருவோர இஸ்திரி வண்டியில் கனன்ற கரியைத் தந்தை கையில் எடுத்துப் பார்த்து, "இது நம்ம பக்கத்துக் கரியாத்தான் இருக்கும்" என்று கடைக்காரரோடு அரைமணி நேரம் பேசியிருக்கிறார். மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையருகே அவர் வெகுநேரம் நின்றதாக மனைவி சொன்னார். நான்கு பேர் பாறையொன்றை நெம்பும் அந்தச் சிலை எதைக் குறிக்கிறது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. இந்தியாவில் முதன்முதலாக மே நாள் 1923-இல் அந்தக் கடற்கரையில்தான் ம. சிங்காரவேலரால் கொண்டாடப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியாது. "நம்ம மாதிரி ஆளுக்கும் சிலை வச்சிருக்காங்க சாமி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அகுஸ்தினார் அஞ்சிய கண்ணின் ஆசை இதுவா? தன்னை மறக்கச் செய்யும் காட்சி ஒன்று. தன் மாண்பைத் தனக்கே காட்டும் காட்சி வேறொன்று.

மனைவியிடம் எது பிடித்தது என்று கேட்டேன். கடலையோ கடைத்தெருவையோ சொல்வார் என்று எண்ணினேன். "ஒரு மத்தியானம் ஓட்டல்ல இலை போட்டுச் சாப்பிட்டோம் சாமி. நான் உக்காந்திருக்க, இன்னொருத்தர் வந்து வந்து கேட்டுப் பரிமாறினாங்க. கல்யாணமாகி எனக்கு அப்படி நடந்ததே இல்லை" என்றார். லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், விழித்திருந்த பணியாளர்களைப் பந்தியில் அமரச் செய்து தலைவரே இடையைக் கட்டிக்கொண்டு பணிவிடை செய்வார் என்று ஆண்டவர் விண்ணரசைச் சித்திரிக்கிறார். அதைப் பற்றி நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அதன் சுவையை அந்தப் பெண்மணி ஓர் இலைச் சாப்பாட்டில் கண்டுகொண்டார்.

அந்த உணவகத்தில் மேசை துடைத்த பையன், இவர்கள் பேச்சைக் கேட்டு, "நீங்க திருச்சுழிப் பக்கமா?" என்று கேட்டிருக்கிறான். அவனும் இந்தப் பக்கத்துப் பிள்ளை. கெட்டுப் பட்டணம் சேர்ந்தவன். மறுநாள் அவன் ஓய்வுநேரத்தில் அவனையும் கடற்கரைக்கு அழைத்துப்போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுத்து, அவன் தாயிடம் கொடுக்கச் சொன்ன பணத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உண்டு மகிழச் சொன்ன அதே இணைச்சட்டம், உன் ஊரில் வாழும் லேவியனைக் கைவிடாதே என்கிறது. மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கை அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. நேர்மையான இன்பத்துக்கு அளவுகோல் அங்கேதான் இருக்கிறது: கடனில் பிறவாத காசு, வீட்டார் அனைவருக்கும் பங்கு, வழியில் எதிர்ப்படும் எளியவருக்கும் ஓர் இடம். இம்மூன்றும் பொருந்தினால் அங்கே குறுக்கே நிற்கக் குருவுக்கு வேலையில்லை.

ஆனால் 'வீட்டார் அனைவருக்கும்' என்று எழுதும்போதே என் கை தயங்குகிறது. ஒருவர் போகவில்லையே!

1896-இல் கட்டி முடிக்கப்பட்ட சாந்தோம் பேராலயத்தின் அடியில், திருத்தூதரின் கல்லறை முன்னே நின்று, பேரன் கைப்பேசியில் பாட்டியை அழைத்து எல்லாவற்றையும் காட்டியிருக்கிறான். அவர்கள் திரும்பிய பின் வந்த முதல் வெள்ளியன்று, நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது அந்தத் தாயிடம் பேச்சுக் கொடுத்தேன். "பாத்தேன் சாமி. எல்லாம் தெரிஞ்சுது. மண்டிபோடத்தான் முடியலை" என்றார். அவரைத் தேற்ற நினைத்தேன். தோமையாரைப் பற்றிய நற்செய்தியையே நினைவூட்டி, காணாமலே நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையா என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். கோபமில்லை, குறும்புகூட இருந்தது. "சொன்னாரு சாமி. ஆனா தோமையாருக்குக் காட்டிட்டுத்தானே சொன்னாரு?" என்றார். 

எந்தப் பேராசிரியரிடமும் நான் கேளாத விளக்கம் இது. பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்று அடம்பிடித்த சீடரிடம் ஆண்டவர் முதலில் கையையும் விலாவையும் காட்டினார். காட்டிய பிறகே, காணாதவரின் பேற்றைப் பற்றிப் பேசினார். நாமோ காட்டாமலே பேசுகிறோம். ஏழைக்கு உரிய ஓய்வையும் விருந்தையும் காட்சியையும் கொடுக்காமலே, பொறுமையையும் சிக்கனத்தையும் மறுவுலகையும் போதிக்கிறோம். அப்போதனை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முறை மாறிய உண்மை பாதிப் பொய்.

சென்ற மாதம் வேறொரு குடும்பம் அதே கேள்வியோடு வந்தது. அவர்கள் வீட்டுக் கூரையைப் பற்றி நான் கேட்கவில்லை. "கடன் வாங்காமப் போறீங்களா?" என்று கேட்டேன். ஆமென்றார்கள். "வீட்டுல வயசானவங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். ஒரு தாத்தா இருக்கிறார், அவருக்கு அலைச்சல் ஆகாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தார்கள்.

"அவரை முதல்ல கூட்டிட்டுப் போங்க" என்றேன்.